அத்தான் ஐந்து தரம் பார்த்த சண்டைப் படம்

என் அக்காவின் கணவர் ஒரேயொரு ஆங்கிலப் படத்தை ஐந்து தரம் பார்த்தவர். கலியாணத்துக்கு முன்பு, யாழ்ப்பாணப் பட்டினத்துத் தியேட்டர் ஒன்றில், ஒரே கிழமைக்குள். அதற்கான தண்டனையை அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாங்கள் வருடக்கணக்காக அனுபவித்தோம்.

படத்தில் கூலிக்குச் சண்டை பிடிக்கும் வெள்ளைக்காரர் சிலர், வயது போனவர்கள். ஆபிரிக்க நாடொன்றில் சிறைக்குள் கிடக்கும் தலைவர் ஒருவரை மீட்டுக்கொண்டு வரும்படி யாரோ அவர்களை அனுப்புகிறார்கள். பரசூட்டில் குதிக்கிறார்கள், சிறையை உடைக்கிறார்கள், நோயாளியான அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு விமான ஓடுபாதைக்கு வந்து சேர்கிறார்கள். எனக்கு இதைச் சொல்ல இவ்வளவு போதும். அத்தானுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பரசூட்டில் குதித்துக் காட்டுவார். அக்கா வீடு கூட்டும் தும்புத்தடி துப்பாக்கியாகும். போனவர்கள் ஒரு நாள் இருபது பேர், இன்னொரு நாள் ஐம்பது பேர். விமானம் வந்து ஓடுபாதையில் இறங்கும் இடத்தில் மட்டும் எப்போதும் தவறாமல் நிறுத்துவார்.

"மிச்சத்தைப் படத்திலைதான் பாக்கோணும். சொன்னால் ருசி போயிடும்."

அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அதை வெறுத்துவிட்டேன்.

நாங்கள் குருநகர் ஆட்கள். கரையோரமெல்லாம் ஷெல் விழத் தொடங்கியபோது சைக்கிள்களில் கட்ட முடிந்ததைக் கட்டிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு வந்தோம். அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள், நான். கணவனை இழந்த, தோட்டம் செய்யும் ஒரு கமக்காரப் பெண் தன் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை எங்களுக்குத் தந்தார். நாங்கள் அவரை மாமி என்று கூப்பிட்டோம். மாமி சைவம், நாங்கள் கத்தோலிக்கர். நாங்கள் மீன் சமைப்பதென்றால் வேலியோரம் தனி அடுப்பு மூட்டித்தான் சமைப்போம். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்வார்.

மாமிக்கு ஒரே மகன். பத்தொன்பது வயதில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கில் ஒரு சிறையில், மாமியின் பேச்சில் மறியலில், ஐந்து வருடமாக இருந்தான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருக்கால் கடிதம் வரும். யாரோ ஏற்கெனவே பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய கடிதம், நாலே வரி. நான் சுகம், நீங்கள் சுகமா, மழை பெய்ததா, கவலைப்பட வேண்டாம்.

கடலுக்குப் போகத் தடை வந்திருந்ததால் அத்தானுக்குக் காலை விடிந்தது முதல் வேலையில்லை. வேலையில்லாத மீன்பிடிகாரனைப் போல வாய் ஓயாத பிராணி உலகத்தில் கிடையாது. ஒரு நாள் மாமி போன போகத்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அத்தான் அந்தப் படத்தைத் தொடங்கினார். நான் அறைக்குள் ரியூசன் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். வழக்கமாக எவரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். மாமி போகவில்லை. கட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

"அந்த மனுசன் எத்தினை வருசம் மறியலிலை கிடந்தவர்?"

"கனகாலம் மாமி."

"வருத்தக்காறன் எண்டு சொன்னீர். தூக்கிக்கொண்டே வாறாங்கள்?"

"தோளிலை போட்டுக்கொண்டு வாறாங்கள், மாமி."

"கடைசியிலை கொண்டுவந்து சேத்திடுவாங்களோ?"

"சேக்காமல்? பிளேன் வந்து நிக்குதெல்லே!"

மாமி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப அந்தப் படத்தை எனக்கு ஒருக்கால் காட்டும் தம்பி. மண்ணெண்ணெய் நான் தாறன்."

மின்சாரம் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. படம் பார்ப்பதென்றால் டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும், எண்ணெய் நாங்கள் கொடுக்க வேண்டும். மாமியிடம் இருந்த எண்ணெய், தோட்டத்து இறைப்பு மெசினுக்கென்று போத்தல் போத்தலாகச் சேர்த்தது. அத்தானை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எண்ணெயைப் படத்துக்கு எரிச்சுப்போட்டு வெங்காயத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?"

"நான் இறைப்பன்."

"நீங்களோ? வாளியாலை மீன் அள்ளினதைத் தவிர வேறை என்ன செய்தனீங்கள்?"

"மச்சாள், நீர் கசற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாரும். மிச்சத்தை என்னட்டை விடும்."

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே போவதற்கு ஏழு மைல், திரும்பி வர ஏழு மைல். அதற்கு மேல் நல்லூருக்கு அடுத்த திருநெல்வேலிக்கும் போய்ப் பல்கலைக்கழகக் கம்பசுக்குப் பக்கத்தில் இருந்த வீடியோக் கடையில் அந்தப் படத்தைத் தேட வேண்டும். கடைக்காரனுக்குப் படத்தின் பெயரைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஐந்து தரம் பார்த்த அத்தானுக்கும் தெரியாது. "வெள்ளைக்காறர் மறியலை உடைக்கிற படம்" என்று கேட்டேன். ஒட்டியிருந்த பெயர்த் துண்டு உரிந்துபோன ஒரு கசற்றைத் தந்தான். ஜெனரேற்றர்காரரின் வீட்டில் போட்டுப் பார்த்தால் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. இரண்டாவது தரம் தந்தது சண்டைப் படம்தான், ஆனால் முழுக்க நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடந்தது.

"உது கடலுக்கை நடக்கிறது. எங்கடை படம் ஆபிரிக்கா," என்றார் அத்தான், நான்தான் கண்டத்தை மாற்றிவிட்டேன் என்பதுபோல.

மூன்றாவது தரம் கடையில் ஒரு கம்பஸ் மாணவன் நின்றான். நான் கதையைச் சொல்லத் தொடங்கியதுமே தட்டுக்குப் பின்னால் கை விட்டு ஒன்றை எடுத்தான். "இதுதான் அக்கா. கடைசி அரைமணித்தியாலம் அழுகைதான்." சண்டைப் படத்தில் என்ன அழுகை என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெளியே என் சைக்கிளின் பின் சில்லு காற்றுப் போய்க் கிடந்தது. கேட்கும் மனநிலையில் நான் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்த பிறகு, மாமியின் முன்விறாந்தையை ஒட்டிய பெரிய அறையில் படம் போட்டோம். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தது. மாமி, அக்கா, பிள்ளைகள், நான் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறார். நாற்பது பேருக்குக் குறையாது. வேர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும் ஒன்றாகி மூச்சு விட முடியவில்லை. எனக்கு ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தது.

"மச்சாள் இங்கிலிஸ் ரீச்சர். எல்லாம் தமிழிலை சொல்லுவா," என்று அத்தான் சபைக்கு அறிவித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வெள்ளைக்காரர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. நான் படிப்பித்தது இலக்கணம். அவர்கள் வாயைத் திறக்காமலே பேசினார்கள். போதாததற்கு ஜெனரேற்றர் வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தது. நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உவன் நல்லவனோ கெட்டவனோ?" என்றார் ஒருவர்.

"நல்லவன்."

"அப்ப ஏன் குடிக்கிறான்?"

"ஆருக்காகச் சண்டை பிடிக்கப் போறாங்கள்?" என்றார் இன்னொருவர்.

"சம்பளத்துக்கு."

"சம்பளத்துக்கோ?" அறை முழுக்க ஒரு சலசலப்பு. "அப்ப இயக்கமில்லையோ? நாடு கேட்கிறேல்லையோ?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும்போது பரசூட் குதிப்பு முடிந்துவிட்டது. எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

அத்தான் இதற்கு மேலே. ஒவ்வொன்றும் நடப்பதற்கு ஒரு விநாடி முன்பே அதைச் சொன்னார். "இப்ப பாருங்கோ, கதவு வெடிக்கும்." கதவு வெடித்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாமல் என் மொழிபெயர்ப்பையும் திருத்தினார். "அப்பிடிச் சொல்லேல்லை மச்சாள். அவன் சொல்லுறது, தன்ரை மகனை நினைச்சுக்கொண்டிருக்கிறான் எண்டு." எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

சிறையை உடைத்து அந்த மனிதரை வெளியே கொண்டு வரும்போது குண்டு போடும் பொம்மர் சத்தம் கேட்டது. படத்தில் இல்லை, வெளியே. அவ்வளவு பேரும் எழும்பி மாமரத்துக்குக் கீழே வெட்டியிருந்த பங்கரை நோக்கி ஓடினோம். பதினைந்து பேருக்கு வெட்டிய பங்கர். ஒருவருடைய முழங்கை என் வயிற்றில், இன்னொருவருடைய பிள்ளை என் மடியில். எங்கேயோ வடக்குப் பக்கமாக இரண்டு தரம் நிலம் அதிர்ந்தது. எண்ணிப் பார்த்தால் அத்தானைக் காணவில்லை. அக்கா வாய்விட்டுக் கத்தத் தொடங்கினாள். நான் பங்கர் வாசலில் தலையை நீட்டினேன். அவர் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு அதை அணைத்தபடி குந்தியிருந்தார்.

"எண்ணெய் வீணாப்போகுமெல்லே!" என்றார்.

அன்றைக்கு அவரைக் கொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை.

சத்தம் ஓய்ந்த பிறகு எல்லோரும் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல, விட்ட இடத்தில் இருந்து பார்த்தோம். ஓடுபாதை வந்தது. மாமி முன்வரிசையில் பாயில் இருந்தார். அந்த நோயாளி மனிதரை அவர்கள் தூக்கிக்கொண்டு வரும்போது மாமியின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது, தாங்கப் போவதுபோல. விமானம் இறங்கியது. சபை கைதட்டியது.

அப்போதுதான் கவனித்தேன், அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார்.

விமானம் நிற்கவில்லை. ஓடுபாதையில் ஓடி, அவர்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓடி வர, அப்படியே மேலே எழும்பிப் போய்விட்டது.

"எங்கை போகுது?" என்றார் அத்தான். "பிளேன் ஏன் போகுது?"

"நீங்கள்தானே அஞ்சு தரம் பாத்தனீங்கள்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு, மிகவும் சின்னக் குரலில் சொன்னார்: "ரெண்டு மணிக்குத் தொடங்கிற படம் மச்சாள். நாலு மணிக்கு எங்கடை ஐயா கடலுக்கு வள்ளம் தள்ளுவார், நானும் நிக்கோணும். அஞ்சு தரமும் பிளேன் இறங்கினவுடனை எழும்பி ஓடினனான். ஏறி வந்திருப்பாங்கள் எண்டுதானே நினைச்சன்."

இத்தனை வருடம். தும்புத்தடி, கிணற்றுக்கட்டு, ருசி போய்விடும் என்ற கதை, எல்லாம். கையில் என்ன கிடைத்தாலும் எறிந்திருப்பேன். கையில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு படம் அந்த மாணவன் சொன்னதுபோலத்தான் போனது. அனுப்பியவர்களே அவர்களைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்தார்கள், ஒவ்வொருவராக விழுந்தார்கள். மீட்டுக்கொண்டு வந்த மனிதரையும் ஒரு இடத்தில் கிடத்தினார்கள். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏன் பிள்ளை, அந்த மனுசன் எழும்பேல்லை?" என்றார் மாமி.

அன்று முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இன்னொன்று சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. "களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறார், மாமி."

மாமி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "நான் செத்த ஆக்களைக் கண்டிருக்கிறன். சரியாச் சொல்லு."

"ஓம் மாமி. செத்துப்போனார்."

அத்தான் எழும்பி டெக்கை நிறுத்தப் போனார். மாமி கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். "விடும் தம்பி. ஊத்தின எண்ணெய் ஊத்தினதுதான். மிச்சத்தையும் பாப்பம்." கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அடுத்த நாள் விடியவே அத்தான் கிணற்றடியில் நின்றார். வாளியால் அள்ளி அள்ளி வெங்காயத்துக்கு வாய்க்காலில் ஊற்றினார். மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. அன்று மிச்சத்தை யார் அள்ளியது? நானும் அக்காவும். வெங்காயத்தைக் கிண்டி எடுக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் காலையில் நாங்கள் மூவரும் மாறி மாறி அள்ளினோம். அதற்குப் பிறகு ஏழு மைல் சைக்கிள் மிதித்துப்போய் நான் இறந்தகால வினைச்சொல் படிப்பித்தேன். அத்தான் ஒவ்வொரு வாளிக்கும் "மாமி மன்னிச்சிட்டாவோ தெரியேல்லை" என்பார். "மன்னிச்சிட்டா, அள்ளுங்கோ" என்பேன்.

படம் பார்த்த மூன்றாம் நாள் மாமி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, இங்கிலிசிலை எனக்கொரு கடிதம் எழுதித் தா. நான் மகனைப் பாக்கப் போப்போறன்."

"எங்கை மாமி?"

"அவன் கிடக்கிற இடத்துக்கு. அஞ்சு வருசமா ஆரோ கதைச்சு எடுத்துத் தருவினம் எண்டு இருந்திட்டன். நீயும் என்னோடை வா. எனக்கு அங்கத்தைப் பாசை தெரியாது."

சாவகச்சேரிக்கு அப்பால் போகாத மனுசி. நான் சொல்லக்கூடிய தடைகள் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், வழியெல்லாம் சோதனை, போனாலும் பார்க்க விடுவார்களோ தெரியாது. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, "எப்ப வெளிக்கிடுவம்?" என்றார். ஆங்கிலம் படித்ததற்காக என்னை நானே நொந்துகொண்டேன்.

வெங்காயம் கிண்டிய கையோடு வெளிக்கிட்டோம். மகனுக்குப் பிடிக்கும் என்று புது வெங்காயம் ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். உப்புநீர் தேங்கிய வெளியை உழவு மெசின் இழுத்த பெட்டியில் ஏறிக் கடந்தபோது அந்தப் பை என் தலையில். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைக் கொட்டிக் கிளறினார்கள். ஒவ்வொரு தரமும் நான்தான் குந்தியிருந்து பொறுக்கினேன். மூன்றாம் நாள் கொழும்பு. தெரிந்த ஒரு கன்னியர் மடத்தில் ஒரு அறை தந்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராக என் கடிதத்தோடு அலைந்து, கடைசியில் சிறை வாசலுக்கு வந்தால், அங்கே நின்ற அதிகாரி வெங்காயத்தை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். குளிக்கும் சவுக்காரம் மட்டும் கொண்டுபோகலாம்.

கால்மணித்தியாலம் தந்தார்கள். நடுவில் கம்பி வலை. அவன் வந்து நின்றபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. இருபத்துநாலு வயதுக்கு முன்தலை மயிர் கொட்டி வெளித்திருந்தது.

"ஏனம்மா வந்தனீங்கள்? வழியிலை ஏதும் நடந்திருந்தா?"

"நீ வரேல்லை, நான் வந்தன்."

"இறைப்பு மெசின் ஓடுதோ?"

"எண்ணெய் இல்லை. சும்மா கிடக்கு."

"சும்மா விட்டால் துருப்பிடிக்குமெல்லே. கிரீஸ் பூசி வைச்சனீங்களோ?"

"எனக்கு மெசினைப் பற்றிப் படிப்பிக்க வந்திட்டான். நீ சாப்பிடுறனியோ, அதைச் சொல்லு."

"அதை விடுங்கோ. சாக்காலை எண்டாலும் மூடினனீங்களோ?"

ஐந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த பதினைந்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் அந்த மெசினுக்குப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன். மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். காவலாளி மணி அடித்தபோது இருவரும் கிரீஸ் எங்கே வாங்குவது என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் போகும்போதுதான் மாமி வலையில் நெற்றியை வைத்தார்.

வெளியே வந்ததும் "நாளைக்கும் விடுவாங்களோ?" என்றார்.

"இல்லை மாமி. மாதத்துக்கு ஒருக்கால்தான்."

"அப்ப மாதம் முடியுமட்டும் நிப்பம்."

ரியூசன் நிலையத்துக்கு நான் ஒரு கிழமை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆறு கிழமை நின்றோம். இரண்டாம் தரம் போனபோது மாமிக்கு என் உதவி தேவைப்படவில்லை. பஸ் நம்பர் அவருக்குத் தெரிந்திருந்தது. அதிகாரியிடம் நல்ல பலத்த குரலில் தன் தமிழிலேயே கதைத்தார். அந்த ஆளும் ஏதோ விளங்கியதுபோல மகனின் பெயரை எழுதிக்கொண்டார். நான் வெளியே மதிலோரம் இருந்தேன். இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டு இப்போது நான் வேண்டாமாம் என்று எனக்கு அதுவும் கோபம்.

அடுத்த வருடம் அவனை விட்டார்கள். என் கடிதத்தாலா, மாமி பிறகும் இரண்டு தரம் தனியே போய் வந்ததாலா, வேறு எதனாலா என்று எவரும் சொல்லவில்லை. முன்கூட்டி அறிவிப்பும் இல்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு ஒரு ஆள் வந்தான். மாமி யாரோ அலுவலாக வந்தவர் என்று நினைத்து, "ஆர் வேணும்?" என்றார். அவன் "அம்மா" என்ற பிறகுதான் விளங்கியது. முதலில் அவனுக்கு முதுகில் ஒரு அடி போட்டார், சொல்லாமல் வந்ததற்கு. கறி ஒன்றும் வைக்கவில்லையே என்று ஏசினார். அதற்குப் பிறகுதான் அவனைக் கட்டிப்பிடித்தார்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மாமி அவனுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, "பிள்ளை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடிப்போய் நாலு கத்தரிக்காய் பிடுங்கிக்கொண்டு வா," என்றார்.

போனேன். கண்ணெல்லாம் கலங்கிக் கிடந்ததால் முற்றினது எது, பிஞ்சு எது என்று தெரியாமல் கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினேன். பிஞ்சைப் பிடுங்கியதற்கு அன்று மத்தியானம் முழுக்க மாமியிடம் பேச்சு வாங்கினேன்.